காதால் கேட்ட மூன்று பேர்

துக்க வீட்டில் யாரும் கேட்கக் கூடாத கேள்வியை நான் கேட்டேன். அதுவும் கூடப் பிறந்த அக்காவிடம்.

வாப்பாவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். அக்கா என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று வருஷமாக வாப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது ஊருக்கே தெரியும். அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதடி. வாப்பா கடைசியா உன்னத்தான் சொன்னாங்க. 'சின்னவள நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு'ன்னாங்க."

வேறொரு மகளாக இருந்தால் அக்காவைக் கட்டிக்கொண்டு கதறியிருப்பாள். நான் கேட்டேன்: "நீ உன் காதால கேட்டியா?"

"என்னது?"

"வாப்பா உங்கிட்ட சொன்னாங்களா, இல்ல வாப்பா சொன்னாங்கன்னு யாராவது உங்கிட்ட சொன்னாங்களா?"

அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு, "நீயெல்லாம் ஒரு மனுஷியாடி?" என்றாள். கதவுப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாங்க. போதுமா?" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. பதினெட்டு வருஷமாக என் பிழைப்பே இந்தக் கேள்விதான். மார்க்க நூல்கள் அச்சடிக்கும் அச்சகத்தில் நான் ஹதீஸ் சரிபார்ப்பவள். நபிகள் நாயகம் சொன்னதும் செய்ததும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு என்றுதான் வந்து சேர்ந்தன. அதனால் ஒவ்வொரு ஹதீஸுக்கும் முன்னால் யார் யாரிடமிருந்து கேட்டார்கள் என்று ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரையும் நான் விசாரிக்க வேண்டும். உண்மை பேசுகிறவரா, ஞாபகசக்தி எப்படி, தனக்குச் சொன்னதாகச் சொல்லும் ஆளை நிஜமாகவே சந்தித்தாரா. எல்லாம் சரியாக இருந்தால் ஸஹீஹ், உறுதியானது. ஞாபகம் ஒரு பிடி குறைந்தால் ஹஸன், ஏற்கலாம். நடுவில் ஓர் ஆள் விட்டுப்போயிருந்தாலோ குழப்பக்காரர் ஒருவர் இருந்தாலோ ளயீஃப், பலவீனமானது. பொய்யர் ஒருவர் நுழைந்துவிட்டால் அது இட்டுக்கட்டப்பட்டது, அதை ஹதீஸ் என்று சொல்வதே பாவம். கேட்டவரிடமிருந்து கேட்டுவிட்டு, நடு ஆளை மறைத்து, தானே கேட்டது மாதிரி சொல்கிறவர்களும் உண்டு. என் அக்கா செய்தது அதைத்தான். அந்த வகை ஆட்களை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

அச்சகத்தில் எனக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர், எதையும் வெட்டிவிடுகிறேனாம். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வாப்பா என்னிடம் பேசாமல் போனதும் இந்தக் கத்தரியால்தான். பகலெல்லாம் தாழ்ப்பாளும் கீலும் ஆணியும் விற்கிற மனுஷர் அவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எழுந்து நின்று பேச ஆரம்பித்தால் கல்லும் கரையும். அவர் பேச்சில் எப்போதும் ஒரு ஹதீஸ் வரும். அது எது என்று இங்கே எழுத மாட்டேன், இன்னும் பல பேர் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது வாப்பா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கேட்கிறவர்கள் தேம்புவார்கள். சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் அதைக் கேட்டு அங்கேயே கட்டிப்பிடித்து நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்கு வருகிற நாலு பேர் ஆசைப்பட்டு அந்தப் பேச்சுகளை ஒரு சின்னப் புத்தகமாகப் போட முன்வந்தார்கள். எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. முதலாளி மற்ற புத்தகங்களைப் போலவே அதையும் என் மேஜையில் வைத்தார். நான் தேடினேன். பத்து நாள் தேடினேன். வரிசையின் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரிய வணக்கசாலி, இரவெல்லாம் தொழுகிறவர், ஜனங்கள் நல்ல வழிக்கு வரட்டுமே என்று நல்ல நல்ல செய்திகளைத் தானே உண்டாக்கி நபியின் பேரில் சொன்னவர். இட்டுக்கட்டியவர்களில் இவர்கள்தான் ஆபத்தானவர்கள் என்று முன்னோர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கெட்டவன் சொன்னால் யோசிப்போம், நல்லவர் சொன்னால் யார் யோசிப்பார்கள்? பக்கத்தின் அடியில் நான் எழுதினேன்: "இட்டுக்கட்டப்பட்டது. நபிமொழியாகச் சொல்லக் கூடாது."

வாப்பா வீடு அச்சகத்திலிருந்து இரண்டு தெரு. ஒரு எட்டு நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் குறிப்போடு அச்சுப் படி நேராக வாப்பாவின் கடைக்குப் போனது. வாடிக்கையாளர்கள் நிற்க, வாப்பா அதைப் பிரித்துப் படித்திருக்கிறார்.

மத்தியானம் அச்சகத்துக்கு வந்தார். கடைச் சட்டையோடு, விரல்களில் கிரீஸோடு.

"இத நீதான் எழுதினியாமா?"

"ஆமா வாப்பா."

"அப்ப முப்பது வருஷமா நான் பொய் சொல்லிட்டிருந்தேனா?"

"தெரியாம சொன்னீங்க. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல."

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப்போடலாம் போலிருக்கிறது. "ஹதீஸுக்கு வீடென்ன, அச்சகமென்ன வாப்பா?" என்றேன். எதிர் மேஜைக்காரர் காதில் விழும்படி சொன்னேன்.

வாப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். புத்தகம் வரவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் பேசவும் எழுந்து நிற்கவில்லை. யாராவது கூப்பிட்டால், "எனக்கு என்ன தெரியும்? எம் பொண்ணு தெரிஞ்சவ, அவகிட்ட கேளுங்க" என்பாராம். நான் வீட்டுக்குப் போனால் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யப் போகிறேன் என்று எழுந்துபோவார். நான் கிளம்புகிறவரை குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நாலைந்து தடவை போனேன். பிறகு எனக்கும் வீம்பு வந்துவிட்டது. அவர் பெற்ற மகள்தானே நான்.

அக்கா சமாதானத்துக்கு வரும்போதெல்லாம் நான் ஒரு கதை சொல்லி அவள் வாயை அடைப்பேன். பழைய காலத்து அறிஞர் ஒருவரிடம், "உங்கள் தந்தை சொல்லும் ஹதீஸ்களை ஏற்கலாமா?" என்று கேட்டார்களாம். "வேறு யாரையாவது கேளுங்கள்" என்றாராம். விடாமல் கேட்டார்களாம். தலையைக் குனிந்துகொண்டு, பிறகு நிமிர்ந்து, "இது மார்க்கம். என் தந்தை பலவீனமானவர்" என்றாராம். பார்த்தாயா, சொந்த வாப்பாவையே சொன்னார்கள் என்று பெருமையாகச் சொல்வேன். அக்கா ஒருநாள், "அவரு தலையக் குனிஞ்சாரில்ல, நீ குனிஞ்சியாடி?" என்று கேட்டாள். அன்று அவளோடும் சண்டை.

இப்போது வாப்பா போய்விட்டார். என் கையில் மிச்சம் இருந்தது அந்த ஒரே வாக்கியம்தான். 'சின்னவள நான் மன்னிச்சுட்டேன்.' பேசாமல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். எட்டு நாள் அப்படித்தான் கிடந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை அதை நினைத்து நெஞ்சு இளகும்போதும், நடுவில் அந்த நர்ஸ் வந்து நின்றார். யார் அவர்? எப்போது கேட்டார்? உறுதியாகத் தெரிந்துவிட்டால் உயிருள்ளவரை அதை வைத்தே பிழைத்துக்கொள்வேன். அந்த ஆசையில்தான் போனேன், குடைந்து பார்க்கும் புத்தியில் அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துவைத்த போர்வைகள் காயும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. நர்ஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், காலை நீட்டி முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணாம் பெட்டு. வெள்ளத் தாடி வெச்சவங்க. நான் அவங்க சின்னப் பொண்ணு," என்றேன்.

"அடடா, நீங்கதானாம்மா? உக்காருங்க. கடைசி வரைக்கும் உங்க நெனப்புதான் பெரியவருக்கு. மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"எந்த நாள் சொன்னாங்க?"

"கடைசி நாள்தாம்மா. காலைல."

"ரெண்டாம் நாளே தொண்டையில குழாய் போட்டாங்களாமே. கடைசி நாள் எப்படிப் பேசினாங்க?"

நர்ஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா சொல்வேன். வராமப் போனவங்க ஒருத்தர் எல்லா வீட்லயும் இருப்பாங்க. அவங்க வந்து நிப்பாங்க பாருங்க, பெத்தவங்க போனதுக்கப்புறம், அந்தக் கண்ணப் பாக்க முடியாது. ஒரு வார்த்த சொன்னா தூங்குவாங்க. எனக்கென்ன கொறஞ்சு போச்சு?"

எனக்கு வந்ததே கோபம். "யாரு உங்களக் கேட்டா? சாகப்போறவர் வாயில இல்லாத வார்த்தய வெக்க நீங்க யாரு?" என்று கத்தினேன். போர்வை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

கத்தி ஓய்ந்த பிறகு கேட்டேன். "அப்ப நெஜமாவே என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"வேணாம்மா. வீட்டுக்குப் போங்க."

"சொல்லுங்க."

"சொன்னாக் கஷ்டப்படுவீங்க."

"பொய்யக் கேட்டுட்டேன்ல. உண்மையையும் கேட்டுக்கறேன்."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "சேர்த்த அன்னிக்கு நான்தான் ஃபாரம் எழுதினேன். எத்தன பிள்ளைங்கன்னேன். ரெண்டு பொண்ணுன்னாரு. பெரியவங்க நம்பர் குடுத்தாங்க. சின்னவங்க நம்பர் சொல்லுங்கன்னேன். 'அவளுக்குச் சொல்ல வேணாம்'னாரு. அவ்வளவுதாம்மா."

"அப்படியேவா சொன்னாங்க? அதே வார்த்தையா?"

"அதே வார்த்தைதான். நாலு நாள்ல அவர் வாயிலேர்ந்து நான் கேட்டதே அந்த நாலு பேச்சுதானே, எப்படி மறக்கும்?"

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஆஸ்பத்திரில சேர்த்த அன்னிக்கே எனக்கு ஏன் சொல்லல?"

"அதான் சொன்னேனே, எல்லாம் சட்டுனு நடந்துபோச்சுன்னு."

"நாலு நாள் சட்டுனா?"

அவள் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. நர்ஸ் சொன்னதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. சாட்சிக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருந்தேன்.

"வாப்பாதான்டி," என்றாள். "'அவளுக்குச் சொல்ல வேணாம்'னாங்க. நான் என்ன பண்ணட்டும்? மீறிக் கூப்பிட்டு, உன்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா? அதையும் பாக்கச் சொல்றியா என்ன?"

அக்காவின் கணவர், என் மச்சான், கூடத்தில் இருந்தார். தனியாகப் போய்க் கேட்டேன். தலையைச் சொறிந்தார், வேண்டாம்மா என்றார், கடைசியில் அவரும் அதையே சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மூன்று பேர். மூன்று பேரும் நேரில் இருந்தவர்கள். நர்ஸுக்கு என்னை வருத்தப்படுத்த ஆசையில்லை, அக்காவுக்கு மறைக்கத்தான் ஆசை, மச்சான் ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவர். தங்களுக்கே பிடிக்காத செய்தியை மூன்று பேர் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். என் பதினெட்டு வருஷத்தில் இதைவிடச் சுத்தமான வரிசையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வார்த்தை ஏன் சொல்லப்பட்டது? கோபத்தில் சொன்னாரா? 'அவ முகத்துல முழிக்க மாட்டேன்' என்றா? இல்லை, பிள்ளை பதறிப்போவாள், சொல்ல வேண்டாம் என்றா? ஒரே மூன்று சொல்தான். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்காக மறுபடி மூன்று பேரையும் கேட்டேன். அக்காவிடம் கேட்டேன்.

"வாப்பா செருப்பக் குனிஞ்சு எடுத்துப் பையில வெச்சுக்கிட்டிருந்தேன்டி. பாக்கல."

"மச்சான் நீங்க?"

"நான் சக்கர நாற்காலியப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நின்னேன்மா. தலதான் தெரிஞ்சுது."

மறுநாள் நர்ஸுக்குப் போன் செய்தேன். "ஃபாரத்தப் பாத்து எழுதிக்கிட்டிருந்தேம்மா. நிமிரல," என்றார். அவர் நினைத்திருந்தால் "கண்ணு கலங்கிச் சொன்னாரும்மா" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. நான் கத்திய கத்தலில் அவருக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் மொதல்ல சொன்னதையே நம்பிக்கோயேன்டி. பெத்த மனம் பித்துடி. மன்னிக்காமயா போயிருப்பாங்க?"

"போயிருக்க மாட்டாங்கதான். ஆனா அவங்க சொல்லலையேக்கா."

"மனசுல மன்னிச்சிருந்தா?"

"மனசுல இருந்தத யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

"நம்பித் தொலையேன்டி! என்ன கெட்டுப்போகும்?"

"முடியலக்கா. நம்பணும்னு எவ்வளவு ஆசைப்படறேன் தெரியுமா? முடியல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாப்பா செத்துப் பத்து நாள் கழித்து, வயிற்றிலிருந்து வந்தது. அக்கா என் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "அழு, அழு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இனி என்னிடம் எதைச் சொன்னாலும் நான் விசாரிப்பேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. எவ்வளவு தேடியும் அகப்படாத செய்தியை 'இல்லை' என்று எழுத எங்களுக்கு உரிமை கிடையாது, 'எனக்குக் கிடைக்கவில்லை' என்றுதான் எழுத வேண்டும். வாப்பா என்னை மன்னித்தாரா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்கிறேன்.