ஒட்டுத்தாளுக்கு அடியில்

1

இந்தக் கதை ஒரு கெட்டிலில் தொடங்கியது. கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் ஓர் இசைத்தாளைக் காட்டி, அதன்மேல் நாற்பது வருடமாக ஒட்டியிருந்த இன்னொரு தாளை விஸ்மா உரித்தெடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதல் வரி: "ரீகாவில் அந்த இலையுதிர்காலம் சோகமாக" – அடித்துவிட்டேன். பொய். 1989. சோவியத்திடமிருந்து விடுதலை கேட்டு லாட்வியாவே தெருவில் நின்று பாடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது: "இசையமைப்பாளர் ஆர்விட்ஸ் தீரெலிஸ் 1949 மார்ச்சில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார், அவர் இசை தடை செய்யப்பட்டது, அவர் திரும்பவில்லை." செய்தித்தாள் வாடை. தகவல் சரி என்பதால் இருக்கட்டும்.

2

நாங்கள் நால்வர். விஸ்மாவும் அவள் தங்கையும் வயலின். ஓயார்ஸ், வயலினைவிடத் தணிந்த குரலுள்ள வயோலா. நான் செல்லோ. நால்வருக்காகத் தீரெலிஸ் எழுதிய ஒரே இசை, ஒரு பள்ளிக்கூட அலமாரியில் வேறு யாருடைய பெயரோ போட்ட உறைக்குள் கிடைத்தது. அதைக் கேட்ட எவரையும் எங்களுக்குத் தெரியாது.

முதல்முறை வாசித்தோம். மூன்றாம் பகுதியில் வயோலா திடீரென்று ஏறி வயலின்களைத் தாண்டிப் போகிறது. ஓயார்ஸ் வில்லை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"அடப்பாவி மனுஷா! வயோலாவுக்கு இப்படியெல்லாம் எழுதலாம்னு ஒருத்தனும் சொல்லலையே!"

"சொன்னவரைத்தான் சைபீரியாவுக்கு அனுப்பிட்டாங்க," என்றாள் விஸ்மா. "வாசிடா."

எனக்கு ஏழு மாதமாக எதுவும் உறைப்பதில்லை. அன்று உறைத்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

[ரஸ்மாவை இந்தக் கதைக்குள் கொண்டுவரப் போவதில்லை. என் மனைவி. ஏப்ரலில் இறந்தாள். அவ்வளவுதான்.]

3

சிக்கல் கடைசிப் பக்கத்தில். ஒட்டுத்தாளில், நால்வரும் முழு வில்லில் இழுக்கும், பெருஞ்சத்தமாகக் குதிக்கும் ஒரு முடிவு. அடியில், செல்லோ விரலால் மீட்டிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்து அடங்கும் வேறொரு முடிவு.

எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் காலத்தில் புதிய இசையை முதலில் இசையமைப்பாளர் சங்கத்தின் முன் வாசித்துக் காட்ட வேண்டும். சோகமாக முடிந்தால் கேள்வி வரும்: தொழிலாளிக்கு இதில் என்ன நம்பிக்கை, தோழரே? ஆகவே கடைசியில் சந்தோஷத்தை ஒட்டுவார்கள். பழைய இசையில் சத்தமான சந்தோஷம் கேட்டால் அது யாரோ இட்ட கட்டளை. இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அடித்தாளையே வாசிப்பது என்று முடிவு செய்தோம். "உண்மையான முடிவுடன்" என்று சுவரொட்டியிலும் போட்டோம்.

(கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லோருக்கும் பிடித்திருக்கும்.)

4

தீரெலிஸின் மகள் ஸ்கைத்ரிதே கடைசி ஒத்திகைக்கு வந்தார். பல் டாக்டர். அவரைக் கண்ணீர் விடும் மகளாக ஒரு வரைவில் எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவர் அழவில்லை. ரொட்டி தின்றுகொண்டே கேட்டார்:

"ஏன் இப்படி செத்த மாதிரி முடிக்கிறீங்க?"

"அதுதான் உங்கப்பா எழுதினது, டாக்டரம்மா," என்றேன். "மேல இருந்தது சங்கம் சொல்லி ஒட்டினது."

"சங்கமா? பசை காய்ச்சினதே நான்தான்! கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. ரொட்டி மாவைக் கரைச்சுட்டேன்னு அம்மா முதுகுல ஒண்ணு வெச்சாங்க. சங்கத்துல வாசிச்சது அதுக்கப்புறம், பிப்ரவரியில."

ஓயார்ஸ் ஒட்டுத்தாளின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"அப்பா அந்தப் புது முடிவைப் பியானோல அடிச்சு அடிச்சுக் குதிச்சார். நானும் குதிச்சேன். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாத்தால இடிச்சார்."

"பயந்துபோய் முன்கூட்டியே மாத்தியிருப்பார்," என்றேன்.

"இருக்கலாம். அப்ப எனக்கு ஏழு வயசு, என்ன தெரியும்? ஆனா பயந்தவங்க குதிப்பாங்களா, தம்பி?" ரொட்டியைக் கீழே வைத்தார். "அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்திருக்கக் கூடாதுன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க. அவரை அனுப்பினவங்ககூட அதைச் சொல்லலை."

"இவனுக்கு எல்லாம் மெதுவா சாகணும், டாக்டரம்மா," என்றாள் விஸ்மா. "கல்யாணத்துக்கு வாசிக்கச் சொன்னாலும் சவப்பெட்டி தூக்குற மாதிரிதான் வாசிப்பான்." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. யாருடைய சிரிப்பு என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

5

முடிவு அ: ஒட்டுத்தாளை வாசிக்கிறோம். அரங்கம் எழுந்து நிற்கிறது. மறுநாள் பத்திரிகையில், "கட்டளைக்குப் பணிந்த–"

முடிவு ஆ: அடித்தாளை வாசிக்கிறோம். எல்லோரும் அழுகிறார்கள். ஸ்கைத்ரிதே எழுந்து வெளியே–

"ரெண்டையும் வாசிச்சா என்ன?" என்றான் ஓயார்ஸ்.

"சூப் வேணுமா சாலட் வேணுமான்னு கேக்க இது என்ன ஹோட்டலா?" என்றாள் விஸ்மா.

6

இரண்டு முடிவுகளும் செல்லோவில்தான் தொடங்குகின்றன. அதனால் விஸ்மா என் தலையில் கட்டினாள். "நீ வில்லைப் போட்டா மேல்தாள். விரலைப் போட்டா அடித்தாள். எதுவானாலும் பின்னாடியே வந்து விழறோம்."

அரங்கில் உட்கார இடமில்லை, படிகளிலும் ஆட்கள். வயோலா ஏறியபோது யாரோ "ஆ" என்றது மேடைவரை கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சூடு. பக்கங்கள் பறந்தன. என் எதிரே இரண்டு தாள்கள். கடைசி வரிக்கு முன் தீரெலிஸ் ஒரு மௌனம் எழுதியிருக்கிறார். மூவரும் என் வலது கையைப் பார்க்கிறார்கள். முன்வரிசையில் ஸ்கைத்ரிதே கண்ணை மூடவில்லை.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். உங்களுக்கு எது கேட்க வேண்டுமோ அதைக் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன், ஏன் அதைத்தான் விரும்புகிறீர்கள் என்று ஒரு–

கை இறங்குகிறது.