பாக்கெட் வைத்த சட்டை

பெய்-ஷான் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பேசினைத் தரையில் இறக்கி, அதன் விளிம்பில் புதுத் துண்டை மடித்துப் போட்டாள். பிரஷ்ஷில் பற்பசையைப் பிதுக்கி டம்ளரின் மேல் குறுக்காக வைத்தாள். மேசையில் கஞ்சி, பொரித்த முட்டை, கெட்டிப்பால் ஊற்றிய காபி. அவற்றுக்குப் பின்னால் அம்மாவின் படம். மஞ்சள் திரைக்கு அந்தப் பக்கம், குளிர்பெட்டிக்குள் அம்மா.

"சத்தமாக் கூப்பிடணும்," என்றாள் சடங்கு நடத்த வந்திருந்த லியாவ். "தூக்கத்துலேருந்து எழுப்புற மாதிரி."

"அம்மா, எழுந்திரு. மூஞ்சி கழுவிட்டுச் சாப்பிடு."

ஊதுபத்தி பாதி எரியும்வரை காத்திருந்தார்கள். பிறகு லியாவ் கொடுத்த இரண்டு பத்து யுவான் காசுகளை உள்ளங்கைகளுக்குள் குலுக்கிக் கீழே போட்டாள். ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால், இறந்தவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று பொருள். இரண்டும் பூவாக விழுந்தன. மறுபடி போட்டாள். மறுபடியும் இரண்டும் பூ.

"இன்னும் முடிக்கல," என்றாள் லியாவ்.

"எப்படி முடிப்பா?" வாசலோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கேட்டார். "மக தலைமாட்டுல நின்னு சண்ட போட்டா யாருக்குத் தொண்டையில எறங்கும்?"

சண்டை உடையைப் பற்றியது. நண்பகலில் அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்க வேண்டும். பெரியப்பாவின் மடியில் தாமரைப்பூ வேலை செய்த ஊதாப் பட்டு இருந்தது. கடைத்தெருவிலேயே உசத்தியானதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பெய்-ஷானின் தோளில் அம்மாவின் வேலைச் சட்டை கிடந்தது. கடல்பச்சை நிறம். மார்பில் முதியோர் பராமரிப்பு நிலையத்தின் பெயர். கீழே இரண்டு பெரிய பாக்கெட்டுகள்.

"இதப் போட்டு அனுப்பினா ஊரு என்ன சொல்லும்? வியட்நாம்லேருந்து பொண்ணு கொண்டாந்து, கடைசிவரைக்கும் ஊருக்கெல்லாம் குண்டி கழுவ வெச்சாங்கன்னு சொல்லும்."

"கழுவினாங்க. நல்லாக் கழுவினாங்க. அதுல என்ன பெரியப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் என்னிக்காவது அவளக் கொறச்சுப் பேசியிருக்கேனா?"

பேசியதில்லைதான். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து அப்பா இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் படுத்தபோது, அம்மாவுக்கு இந்த ஊர்ப் பேச்சே பாதிதான் வரும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடம் கேட்டுக் கேட்டு, புரட்டவும் துடைக்கவும் ஊட்டவும் பழகிக்கொண்டாள். அப்பா சாகும்வரை அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. ஒருமுறை பரிசோதித்த டாக்டர், எந்த நர்ஸை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "நர்ஸ் இல்ல, எங்க வீட்டு மருமக" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னது பெரியப்பாதான்.

அப்பா போன பிறகு அம்மா மாலைப் பள்ளிக்குப் போனாள். சமையல் மேடையில் பெய்-ஷானின் பழைய ஆரம்பப் பள்ளிப் புத்தகங்களை வைத்து எழுதிப் பழகினாள். பராமரிப்பாளர் தேர்வில் இரண்டு முறை தோற்று, பிறகு தேறினாள். அந்தச் சான்றிதழ் இன்று கூடத்துச் சுவரில், பெய்-ஷானின் பொறியியல் பட்டத்துக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது. ஆணி அடித்தது அம்மாவேதான். ஏன் இவ்வளவு உயரத்தில் என்று கேட்டதற்கு, "நீ உன் பாஷையில பாஸ் பண்ணின. நான் அடுத்தவங்க பாஷையில பாஸ் பண்ணினேன். கொஞ்சம் மேல இருந்தா என்னடி?" என்றாள்.

லியாவ் சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "பட்டோ பருத்தியோ, அது உங்க இஷ்டம். ஆனா பாக்கெட் ஆகாது. வீட்டு அதிர்ஷ்டத்த அதுல போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"கேட்டுக்க," என்றார் பெரியப்பா, பட்டைத் தடவியபடி.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மெய்-சியூ உள்ளே வந்தாள். அம்மாவோடு வேலை பார்த்தவள், அதே கடல்பச்சைச் சட்டையில். ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டு, அம்மாவின் படத்தைப் பார்த்துப் பேசினாள்.

"லுவா, பத்து நிமிஷம்தான் எனக்கு. கோ கெழவர் குளிக்கக் காத்துக்கிட்டிருக்கார். நான் தல தேச்சா பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்காம். லுவாவக் கூப்பிடுன்னு ஒரே திட்டு. நீயே வந்து சொல்லிட்டுப் போ அந்தாளுகிட்ட."

லியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெய்-சியூ கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். பழக்கத்தில் கை பேசினுக்குள் போனது. மணிக்கட்டின் உட்புறத்தை நீரில் வைத்தவள் சட்டென்று எடுத்தாள்.

"யாரு வெச்ச தண்ணி இது?"

"நான்தான் சித்தி."

"கொழாய்லேருந்து அப்படியே பிடிச்சியா? ஜனவரி மாசத்துல?"

பெய்-ஷான் பேசினின் பக்கம் குனிந்தாள்.

"உங்கம்மா யார் மூஞ்சியிலயாவது பச்சத்தண்ணித் துண்ட வெச்சுப் பாத்திருக்கியா? நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பாட்டிக்கு அப்படி வெச்சேன். லுவா ஒண்ணும் பேசல. அதே துண்ட எடுத்து என் மூஞ்சியில அப்பினா. 'எப்படி இருக்கு?'ன்னா."

பெய்-ஷான் பேசினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கெட்டிலில் கொதித்ததை ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். சூடு அதிகம். இன்னும் கொஞ்சம் கலந்தாள். தன்னைக் குளிப்பாட்டிய காலத்திலிருந்து அம்மா செய்வதை அவள் பார்த்துவந்த காரியம். தன் கை அதைச் செய்வது இதுதான் முதல் தடவை.

துண்டை நனைத்துப் பிழிந்து மேசை மேல் வைத்து, காசுகளைப் போட்டாள். ஒன்று பூ. ஒன்று தலை.

பெரியப்பா எழுந்து வந்து குனிந்து காசுகளைப் பார்த்தார். நிமிர வெகுநேரமாயிற்று.

"செத்த பெறகும் வேலையில கறாரு," என்றார். பிறகு மெய்-சியூவின் சட்டையைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பாக்கெட்டுல எல்லாம் என்னதான் வெச்சிருப்பீங்க?"

"கையுறை, நகவெட்டி. லுவா மட்டும் இஞ்சி மிட்டாயும் வெச்சிருப்பா. புரண்டு படுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு லஞ்சம். அவ வீட்டுக்காரர்கிட்ட படிச்ச பாடமாம்."

பெரியப்பா நாற்காலிக்குத் திரும்பி, பட்டை மடிப்புக் கலையாமல் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஊசி நூல் எடுத்துட்டு வா," என்றார் பெய்-ஷானிடம். "பாக்கெட்டத் தெச்சா போச்சு. தெச்சா ஆகுமில்ல?"

"ஆகும்," என்றாள் லியாவ்.

மெய்-சியூ கோ கிழவரிடம் கிளம்பிப் போனாள். பெய்-ஷான் தரையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளைக் காலி செய்தாள். நகவெட்டி. உருட்டி வைத்த கையுறைகள். அடியில், காகிதம் நைந்துபோன ஒரு இஞ்சி மிட்டாய். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு பாக்கெட்டின் வாயைத் தைத்து முடித்தாள். இரண்டாவதைத் தொடங்கும்போது பெரியப்பாவின் கை நீண்டது. மிட்டாயை எடுத்து உள்ளே போட்டார்.

"ஐயா, உள்ள எதுவும் வெக்கக் கூடாது," என்றாள் லியாவ்.

"அங்க என் தம்பி படுத்திருப்பான்," என்றார் பெரியப்பா, யாரையும் பார்க்காமல். "மிட்டாய் இல்லாம புரண்டு படுக்க மாட்டான்."

லியாவ் பூக்களைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டாள்.

பெய்-ஷான் தைத்தாள். துணியில் சின்ன மேடு ஒன்று எழுந்திருந்தது. ஊசி அதைச் சுற்றிக்கொண்டு போனது. பேசினிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.