மஞ்சள் பூத்த சரிவு

வேலை வெட்டி இல்லாமல் மலையேறுகிற ஆட்களைப் பெரியமுத்து அன்றுதான் பார்த்தான். வண்டன்மேட்டு ஏலத்தோட்ட முதலாளியின் விருந்தாளிகள், பிரெஞ்சுக்காரப் புருசனும் பெண்டாட்டியும். அவர்கள் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ரொட்டியைக் கட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் நடந்து, புல்லில் உட்கார்ந்து தின்றுவிட்டு வீடு திரும்புவார்களாம். கணக்கப்பிள்ளை சொல்லித்தான் அனுப்பினார். வழிகாட்டப் பெரியமுத்து, கூடை சுமக்க அவன் மனைவி முத்துப்பேச்சி.

ஏலக்காட்டைத் தாண்டியதும் அந்த அம்மாள் ஒரு போட்டோவை எடுத்து முத்துப்பேச்சியிடம் நீட்டினாள். அவளுடைய ஊர். பச்சைச் சரிவு, கல் வீடு, நாலைந்து மாடுகள்.

"நம்ம கம்பத்து மாட்ட விடக் கொழுத்துல்ல கெடக்கு!" என்று முத்துப்பேச்சி சிரித்தாள். மகள் அழகுத்தாய் போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து இவன் கேட்டதே இல்லை.

எழுபத்து மூன்றாம் வருச அடைமழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள், மூன்று வயசுப் பிள்ளை. ஆற்றைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போக முடியாமல் ஆண்கள் இந்த மலைக்குத்தான் தூக்கி வந்தார்கள். பெண்கள் லயத்து வாசலோடு நின்றுவிட்டார்கள். பெற்றவள் குழிமேட்டைப் பார்த்தால் அடுத்த பிள்ளை தங்காது என்று லயத்தில் ஒரு பேச்சு. அதனால் எந்த இடம் என்று இவன் சொல்லவே இல்லை. ரெண்டு வருசம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள். கல் நட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், ஒன்றும் வைக்காவிட்டால் தனக்கே தடம் தப்பிவிடும் என்று ரெண்டு செவ்வந்திக் கன்றை மட்டும் ஊன்றிவிட்டு வந்திருந்தான். கிறுக்கன். அது பக்கக் கன்று வெடித்துச் சரிவையே பிடித்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு தெரிகிற பாறைக்குத்தான் கூட்டிப்போக நினைத்தான். தூரத்தில் மஞ்சளைக் கண்டதும் அந்த அம்மாள் பாதையை விட்டு இறங்கி நடந்தாள்.

"அங்கிட்டு வேணாம்மா! அட்டை கடிக்கும்!" என்று கத்தினான். அவளுக்கு என்ன புரிந்ததோ, கையை ஆட்டி எல்லாரையும் கூப்பிட்டாள்.

பூக்களுக்கு நடுவே விரிப்பு விழுந்தது. ரொட்டி, வெண்ணெய் டப்பா, சீசா எல்லாம் அதன்மேல் வந்தன. அந்த அம்மாள் ஒரு கொத்தைக் கிள்ளி முத்துப்பேச்சியின் கொண்டையில் செருகினாள். முத்துப்பேச்சியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எம்புட்டு அழகா இருக்கு! யாரு நட்டாகளோ, நல்லா இருக்கட்டும்" என்றாள்.

மறைத்துவிடத்தான் பார்த்தான். ஆனால் அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு சும்மா நிற்க அவனால் முடியவில்லை.

"நாந்தான் நட்டேன், பேச்சி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரிப்பைப் பார்த்தாள்.

"இங்கனயா?"

"ம்."

அவள் அழவில்லை. ரொட்டியையும் சீசாவையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். வெள்ளைக்காரர் இருவரும் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார்கள். விரிப்பை உருவி மடித்து வைத்துவிட்டு அந்த இடத்திலேயே ஒருக்களித்துப் படுத்தாள் முத்துப்பேச்சி. பால் கொடுக்கப் படுக்கிறவள்போல ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டாள். சுமை தூக்கி வந்த களைப்பு என்று நினைத்திருக்க வேண்டும் அந்த அம்மாள். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு, சத்தம் போடாதே என்று பெரியமுத்துவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.