மூன்று முறை இறந்த மாமனார்

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் விடுப்பு விதிகளைப் படித்துக்கொண்டே வந்த தாளாளர் காசிநாதன், நடுவில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொண்ணு. இனிமே யாருக்காவது மாமனார் செத்துட்டா டெத் சர்டிபிகேட் எடுத்துட்டு வாங்க. ஒரு மாமனார் ஒரு தடவதான் சாகலாம்."

சிலர் சிரித்தார்கள். துணை முதல்வர் ஹபீபா சட்டென்று நிமிர்ந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். தெருவில் போகிற ஒருத்தியை 'இவளை எங்கோ பார்த்திருக்கிறோமே' என்று பார்ப்பது மாதிரி இருந்தது.

அந்த மாமனார் விஷயத்தை ஜோதிலட்சுமி சொன்னது ஹபீபா ஒருத்தியிடம்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருக்கிறது அந்தத் தனியார் பள்ளி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஹபீபா, நாற்பத்தொரு வயதில் கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். வழக்கமான பிஎச்.டி. இல்லை, வேலையில் இருப்பவர்களுக்கென்றே உள்ள எட்.டி. வேலையை விட வேண்டாம், நூலகத்தில் தவம் கிடக்க வேண்டாம். தான் வேலை பார்க்கும் இடத்திலேயே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஆராய்ந்து, வழி சொல்ல வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட சிக்கல், ஆசிரியர்கள் ஏன் பாதி வருடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது. இரண்டே வருடத்தில் பதினேழு பேர் போயிருந்தார்கள்.

இருந்தவர்களில் பதினான்கு பேரிடம் தனித்தனியாகப் பேசிப் போனில் பதிவு செய்தாள். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பதிவுகளுக்கு ஆ-1, ஆ-2 என்று எண் மட்டும்தான். எந்த எண் யார் என்ற பட்டியல், வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

ஜோதிலட்சுமி ஆ-6. இயற்பியல் எடுப்பவள், ஹபீபாவுக்குப் பத்து வருடத் தோழி. ஆய்வுக்கூடத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அன்றைக்கு மனம்விட்டுச் சொன்னாள்: "அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போணும்னு உண்மையச் சொன்னா இங்க லீவு கெடைக்காது, ஹபீ. சாவுன்னாத்தான் கெடைக்கும். எங்க மாமனாரு ரெண்டு வருசத்துல மூணு தடவ செத்துட்டாரு. மனுசன் கல்லு மாதிரி கீறாரு வூட்ல."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கூட்டம் நடந்த அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஜோதிலட்சுமியை மதுராந்தகத்தில் உள்ள கிளைப் பள்ளிக்கு மாற்றி உத்தரவு வந்தது. அவள் வீடு மதுராந்தகம்தான் என்பதால் வெளிப்பார்வைக்கு அது சலுகை போலத் தெரியும். ஆனால் அங்கே எட்டாம் வகுப்பு வரைதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள் இனி நாலாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வேண்டும்.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவளிடம் ஹபீபா போய் நின்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல ஜோதி."

"சரி."

"சத்தியமா."

"சரின்னுதானே சொல்றேன்." ஜோதிலட்சுமி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஹபீபா உள்ளே நுழைந்தால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுபோகும். போனை அவள் மேசைமேல் வைத்தால், பதிவாகிறதோ என்று யாராவது அதைக் கவிழ்த்து வைப்பார்கள். தான் சொல்லாவிட்டால் பின் தாளாளர் காதுக்கு எப்படிப் போயிற்று? யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் உடற்கல்வி ஆசிரியர் எல்லப்பன்மேல் கண் போயிற்று. ஆய்வுக்கூடத்துக்கு அடுத்தது விளையாட்டுச் சாமான் அறை. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அதோடு தினமும் காலையில் மணியடிக்கும் முன் அந்த மனிதர் தாளாளர் அறைக்குள் போய் வருவதை அவளே பார்த்திருக்கிறாள். ஒரு வாரம் நேரம் பார்த்துக் கவனித்தாள். போனார், வந்தார். சில நாள் அரை நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் என்ன பேசுவார்? எதிரில் வந்தால் அவள் வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

பிறகுதான் இன்னொரு நினைப்பு வந்தது. வந்த பிறகு அதை விரட்ட முடியவில்லை. செங்கல்பட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் முஜீப்தான் பள்ளிக்குச் சீருடைத் துணி கொடுப்பவன். காசிநாதனை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறவன். சாயங்காலங்களில் அவள் பதிவைப் போட்டுத் தட்டச்சு செய்யும்போது அதே அறையில்தான் சாப்பிடுவான். மாமனார் கதையைக் கேட்டு அவனும் சிரித்தான்.

சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "போன மாசம் தாளாளரப் பாத்தீங்களே, இன்னா பேசினீங்க?"

"துணி சாம்பிள் காட்டினேன்."

"வேற ஒண்ணும் பேசலியா? ஸ்கூல் சங்கதி எதுவும்?"

முஜீப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். "நான் சொன்னேன்னு நெனக்கிறியா?"

அவள் இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனாள்.

"சொன்னீங்களான்னு நேரா கேட்டிருந்தா இல்லன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். நீ போலீஸ்காரன் மாதிரி சுத்தி வளச்சு வர்ற." தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவினான். அதன்பின் அவள் மடிக்கணினியைத் திறந்தால் அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான். இவர் இவ்வளவு கோபப்படுவதே ஏதோ இருப்பதால்தானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பதினைந்து நாள் பொறுத்தாள். பிறகு நேராகக் காசிநாதன் அறைக்கே போய், ஜோதிலட்சுமியின் மாற்றலை ரத்து செய்யும்படி கேட்டாள்.

"நிர்வாக முடிவு மேடம்," என்றார் அவர்.

"சார், அவங்க சொன்னதா உங்ககிட்ட யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா…"

காசிநாதன் அவளை விசித்திரமாகப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

அவளுடைய மூன்றாம் மாத அறிக்கை. ஆய்வு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். நிறுவனத் தலைவரின் கையெழுத்து கட்டாயம். தாளாளர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர் என்பது பள்ளிக்கே தெரிந்த சங்கதி. அவளும் கையெழுத்து வேண்டிய இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, மற்றத் தாள்களோடு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஏழாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'ஆ-6, இயற்பியல், பதினைந்து ஆண்டு அனுபவம்: என் மாமனார் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை இறந்துவிட்டார்.' ஆங்கிலத்தில், அவளே மொழிபெயர்த்து, மேற்கோள் குறிக்குள்.

"லீவு ரிஜிஸ்டரப் பாத்தா யாருன்னு தெரிஞ்சுடப் போகுது," என்றார் காசிநாதன். "முழுசும் படிச்சேன் மேடம். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

பள்ளியில் இயற்பியலுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசிரியை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். நூற்றுக்கணக்கான வரிகள் இருக்க, அந்த வரியை ஏன் எடுத்தாள்? அது நன்றாக இருந்தது. அதைப் படித்துவிட்டு வழிகாட்டி டாக்டர் ஜெபா போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் மிதந்தாள்.

வீட்டுக்குப் போனதும் முஜீபிடம் நடந்ததைச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். அவன் "சரி" என்றான். ஜோதிலட்சுமி சொன்ன அதே 'சரி'.

சனிக்கிழமை ரயிலேறி மதுராந்தகம் போனாள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதியவர், "யாரும்மா? டீச்சரா? உள்ள போ," என்றார். அந்த மாமனார்தான். ஹபீபாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜோதிலட்சுமி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உட்காரும் முன் சொன்னாள்: "போன ஆஃப் பண்ணு."

ஹபீபா அணைத்து, அது அணைந்ததைக் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கை, மஞ்சள் சீட்டு, பென்சில் கோடு.

ஜோதிலட்சுமி தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "நீ பதவிக்காகப் போட்டுக் குடுத்துட்டேன்னு நெனச்சேன். அப்படி இருந்தா திட்டிட்டு விட்டுருவேன். இப்ப வந்து, நல்லா இருந்துச்சு, அதனால எழுதினேன்ற." ஹபீபாவை நேராகப் பார்த்தாள். "என் கஷ்டம் நல்லா இருந்துச்சா ஒனக்கு?"

ஹபீபா அழுதாள். ஜோதிலட்சுமி அழவில்லை. "நான் பேசினத எடுத்துரு. எல்லாத்தையும்."

போனை மறுபடி போட்டு ஆ-6 என்ற பதிவையும், பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து தட்டச்சு செய்த பக்கங்களையும் அவள் கண்முன்னே அழித்தாள் ஹபீபா. "வேற எங்கயாவது வச்சிருக்கியா?" என்று ஜோதிலட்சுமி கேட்டாள். இல்லை என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மற்ற பதிமூன்று பேரையும் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். விருப்பமில்லாதவர்கள் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றாள். பத்துப் பேர் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். எல்லப்பன் மட்டும் எல்லோரும் போகும்வரை நின்றார்.

"என்னுது இருக்கட்டும் மேடம். நான் உங்ககிட்ட சொன்னதெல்லாம் அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னதுதான்."

"உங்களத்தான் நான் மொதல்ல சந்தேகப்பட்டேன் சார்."

"தெரியும். வணக்கத்த நிறுத்திட்டீங்களே." அவர் சிரிக்கவில்லை. "ஸ்டோர் ரூம் சாவி அவரு ரூம்லதான் மாட்டிகீது. டெய்லி போய் எடுக்கணும். ஒரு சாவிய என்கிட்ட குடுங்கன்னு நாலு வருசமா கேக்குறேன், நம்பிக் குடுக்கல. அதையும் எழுதிக்கோங்க."

மூன்று பேர் பேசியதை வைத்து ஆய்வேடு எழுத முடியாது என்று டாக்டர் ஜெபா கையை விரித்துவிட்டார். இன்னொரு வருடம் கேட்டு விண்ணப்பித்தாள் ஹபீபா. மே மாதம் அந்தப் பள்ளியை விட்டு, சிறுசேரிப் பக்கம் ஒரு பள்ளியில் சாதாரண ஆசிரியையாகச் சேர்ந்தாள். அவளையும் சேர்த்து அந்த வருடம் போனவர்கள் ஒன்பது பேர். பட்டம் வாங்க மேலும் இரண்டரை வருடம் ஆயிற்று. ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் தன்னுடைய தவறைப் பற்றியே எழுதினாள். மாமனார் இல்லாமல், இயற்பியல் இல்லாமல். அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயத்தை ஜோதிலட்சுமிக்கு அனுப்பி, ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொன்னாள்.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. 'படித்தேன். நாலாம் பக்கத்தில் மதுராந்தகம் என்று இருக்கிறது. எடுத்துவிடு.'

எடுத்துவிட்டாள்.