சாப்பாட்டு மேசையில் ஐந்து நாள் போர்

பல் டாக்டரின் சாப்பாட்டு மேசையில் நின்ற கப்பல் முதன்முதலாகச் சுட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அதில் அவருடைய மச்சானின் இடது காது போனது. காது பறந்துபோய்த் தண்ணீர் ஜாடிக்குள் விழுந்தது. அந்தச் சத்தம்தான் எல்லோருக்கும் முதலில் கேட்டது, குண்டுச் சத்தம் அதற்குப் பிறகு சாவகாசமாக வந்தது. மச்சான் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. "அக்கா, இந்தப் பொம்மையை எடுத்துட்டு அத்தான் எப்போ மேசையைத் துடைக்கப் போறாரு?" என்று கேட்டுவிட்டார். டாக்டர் ஜாடியிலிருந்து காதை எடுத்து, பாய்மரத்துக்கென்று தானே முறுக்கி வைத்திருந்த நூலால் அங்கேயே தைத்து ஒட்டினார்.

"அத்தான், உங்க பொம்மை என்னைக் கொன்னிருக்கும்!"

"மறுபடியும் பொம்மைங்கிறே பாரு மச்சான். இன்னொரு காதும் வேணாமா உனக்கு?"

இந்தக் கப்பலைக் கட்ட டாக்டருக்கு ஆறு வருடம் பிடித்தது. கிளினிக்கை மூடிய மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டார். இருநூறு வருடத்துக்கு முன் நடுக்கடலில் வெடித்துச் சிதறிய எழுபத்துநாலு பீரங்கிப் போர்க்கப்பல் அது. அதை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பலகைக்குப் பலகை, ஆணிக்கு ஆணி அசலைப் போலவே இழைத்தார். மாலுமிகள் பாய்மரம் ஏறுவதற்காகக் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி போடும் முடிச்சுகள் மட்டும் மூவாயிரத்து நானூறு. அதில் இருபத்தோரு முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்காக மூன்று மாத வேலையைக் கத்தரித்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டினார். மாதிரிக் கப்பல் செய்யும் மற்றவர்கள் பீரங்கி வாயில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். இவர் சொத்தைப் பல்லைக் குடையும் கருவியால் எழுபத்துநாலையும் அடிவரை குடைந்து, திரி வைக்கும் துளையும் போட்டார். அதோடாவது விட்டாரா? கப்பலின் வயிற்றில், பலகை அடித்து மூடிய பிறகு எந்தக் கண்ணுக்கும் தெரிய வழியில்லாத இடத்தில், வெடிமருந்து அறை ஒன்றைக் கட்டி, மிளகளவில் முந்நூறு பீப்பாய் செய்து அடுக்கினார்.

"இதை யாருங்க பார்க்கப் போறாங்க?" என்று மனைவி கேட்டார்.

"கப்பலுக்குத் தெரியும்ல" என்றார் டாக்டர்.

புதன்கிழமை கப்பல் குளிர்சாதனப் பெட்டியை எதிரிக் கப்பல் என்று முடிவு செய்து நாற்பத்தொரு ஓட்டை போட்டது. பால் வாசல்வரை ஓடியது. சிலிண்டர் போட வந்தவர் காலில் ஒரு விரல் குறைந்து திரும்பிப் போனார். பக்கத்து வீட்டுப் பூனை வாலோடு உள்ளே வந்து வாலில்லாமல் வெளியே போனது. சுவரில் ஒரு பல்லி வாயைத் திறந்து சத்தம் போட்டதும், ஒரு பக்கத்து முப்பத்தேழு பீரங்கியும் ஒரே மூச்சில் வெடித்தன. பிறகு பார்த்தால் பல்லியும் இல்லை, சுவரும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. குண்டு என்னவோ கடுகளவுதான். கடுகாக உள்ளே போய், அந்தப் பக்கம் தட்டகலத்துக்கு வெளியே வந்தது. கப்பலில் ஆள் யாரையும் ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மேல்தளத்தில் தண்ணீர் வடிவதற்கென்று டாக்டர் போட்டிருந்த துளைகள் வழியாக ரத்தம் வடிந்து மேசைவிரிப்பில் ஊறியது. நல்ல சூடான ரத்தம், நாளொன்றுக்கு அரைக் கரண்டி.

வியாழக்கிழமைதான் டாக்டருக்குப் பொறி தட்டியது. அசல் கப்பலிலிருந்து உயிரோடு கரையேறிய ஒரே ஆளான சமையல்காரன் காப்பாற்றிக் கொண்டுவந்த போர்க்குறிப்பின் நகலும், அவனுடைய வாக்குமூலமும் அவரிடம் இருந்தன. எடுத்துப் பார்த்தார். அசல் போரிலும் முதல் குண்டு செவ்வாய் பத்தேகாலுக்குத்தான். அவர் குதித்தே விட்டார். "நிமிஷம்கூடப் பிசகலை, பார்த்தியா!"

"சரி, அந்தச் சண்டை எப்படி முடிஞ்சுது?" என்றார் மனைவி.

டாக்டர் கடைசிப் பக்கத்தைப் படித்தார். ஐந்தாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வெடிமருந்து அறையில் தீ. பல்லிக்கே ஒரு சுவர் போனதென்றால் முந்நூறு பீப்பாய்க்குத் தெருவே போய்விடும்.

கப்பலைத் தூக்கி வெளியே வைக்க ஆறு பேர் வந்தார்கள். அது போட்டிருந்த நங்கூரம் மேசையைத் துளைத்து, தரையைத் துளைத்து, எங்கே போய்க் குத்தியிருந்ததோ, ஒரு நூல்கூட அசையவில்லை. ஆறு பேரில் இரண்டு பேர் பல்லை இழந்தார்கள். டாக்டர் பல் கட்டுவதற்கு உட்காரச் சொன்னார், ஓடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தெருவே காலியானது. டாக்டரின் மனைவி மட்டும் நகரவில்லை.

"கிளம்பும்மா. உன் தம்பி வீட்டுக்குப் போயிடலாம்."

"ஆறு வருஷமா மேசையை அதுக்குக் கொடுத்துட்டு, அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். இப்போ வீட்டையும் கொடுக்கணுமா? இது எங்கப்பா கட்டினது. நீங்க போங்க."

அசலிலிருந்து ஒரு இடத்திலாவது மாறினால் இது அந்தக் கப்பலாக இருக்காது என்று டாக்டர் கணக்குப் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, பெரிய பாய்மரத்தில் ஒரு முடிச்சை வேண்டுமென்றே தப்பாகக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் மேல்தளத்திலிருந்து சாட்டையடிச் சத்தம் கேட்டது, பன்னிரண்டு அடி. குறிப்பைப் புரட்டினால், நான்காம் நாள் ஒரு மாலுமி அதே முடிச்சைத் தப்பாகக் கட்டிப் பன்னிரண்டு அடி வாங்கியிருக்கிறான். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி கரண்டியை அவர் தலையில் எறிந்தார்; அதுவும் பட்டது.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி அந்தக் காகிதங்களை முதல்முறையாகக் கையில் எடுத்தார். டாக்டர் நூறு தடவை படித்தவர், ஆனால் அளவுகளை மட்டும் படித்தவர். மனைவி சமையல்காரன் சொன்னதைப் படித்தார். ஐந்து நாளில் ஒரு எதிரிகூட எங்களிடம் சரணடையவில்லை, கேப்டன் அதற்காகவே அழுதார், ஒரே ஒரு எதிரித் தலைவன் கொடியை இறக்கித் தன் ஆயுதத்தைக் கொடுத்திருந்தால் அன்றே சண்டையை முடித்திருப்போம் என்று இருந்தது.

அவர் தலையணை உறையைக் கழற்றித் துடைப்பக் கட்டையில் கட்டினார். "ஏங்க, வாங்க. வீட்டுக்காரர்தான் ஆயுதத்தைக் கொடுத்துச் சரணடையணுமாம்."

"சரணடையறதா? அப்படி ஒண்ணு வரலாற்றுலயே கிடையாதும்மா! எல்லாமே தப்பாயிடும்!"

"அப்ப வரலாற்றோடயே போங்க."

மணி மூன்று முப்பத்தைந்து. கப்பலின் பலகை இடுக்குகளிலிருந்து புகை வந்தது. கடைசிச் சுற்றுப் பீரங்கிகள் வெடித்ததில் நாற்காலி தூள்தூளாகி, அதன் சிலாம்பு ஒன்று மனைவியின் கன்னத்தைக் கிழித்தது. அவர் கொடியைக் கீழே விடவில்லை. ரத்தம் தாடையில் வழிந்து மேசைவிரிப்பில் சொட்டியது. ஐந்து நாளாக அங்கே ஊறியிருந்த ரத்தத்தோடு அது கலந்ததும் எது யாருடையது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. அவர் உள்ளே ஓடி, நாற்பது வருடம் பல் பிடுங்கிய இடுக்கியை எடுத்துவந்து, மூன்று முப்பத்தெட்டுக்கு மண்டியிட்டு, அதைக் கப்பலின் முன் இரண்டு கையாலும் நீட்டினார்.

"தோத்துட்டோம் சார்" என்றார்.

புகை நின்றது. மூன்று நாற்பது வந்தது, போனது. டாக்டர் குறிப்பில் அந்த வரியின்மேல் கோடு போட்டுவிட்டு, குழந்தை மாதிரி தேம்பினார். மனைவி அவரைத் தட்டிக்கொடுக்காமல், கண்ணாடி முன் நின்று தன் கன்னத்தைத் தானே தைத்துக்கொண்டார்.

கப்பல் எங்கும் போய்விடவில்லை; சண்டையில் பிடித்த வீட்டைக் காவல் காக்க வேண்டுமே. அரைமணிக்கு ஒருமுறை மணி அடிக்கிறது, அதன்படி சமையல் நடக்கிறது. டாக்டர் போர்க்கைதி. கடைத்தெருவரை போகலாம், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். மனைவிக்கு மேசையில் பாதியைக் கேப்டன் விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார். போன மாதம் மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவர், குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார். மனைவி மேசையைக் காட்டி, "அங்க கேளுங்க" என்றார். வந்தவர் குனிந்து கேட்டார். மரியாதைக்கு, குண்டில்லாமல், ஒரே ஒரு பீரங்கி வெடித்தது. அவர் சட்டையில் விழுந்த கரியைத் தட்டிவிட்டு, தொழில் என்ற இடத்தில் கடற்படை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.