மூன்று வாரச் சத்தியம்

கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகின்றனவாம். கப்பல் கூலி ஏறிவிட்டதாம், அதனால் சிதம்பரத்தில் நாங்கள் லாரி வாடகையைக் குறைக்க வேண்டுமாம். இறால் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர் இதைக் கூச்சமே இல்லாமல் சொன்னார்.

பத்து வருஷமாக முறை வைத்து லோடு ஏற்றி வந்தோம். இன்றைக்கு என் வண்டி என்றால் நாளைக்கு அடுத்தவர் வண்டி. இனிமேல் அது கிடையாது, செல்போன் ஆப்பில் யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவருக்குத்தான் துறைமுக லோடு என்றார்.

நாங்கள் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு குளிர்பெட்டி லாரி. மூன்று வாரம் யாரும் லோடு ஏற்றக்கூடாது, சரக்கு கப்பலைத் தவறவிட்டால் கம்பெனி தானாக இறங்கி வரும் என்று முடிவு செய்தோம். மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினோம். எரிகிற சூடத்தை முதல் ஆளாக உள்ளங்கையால் அடித்து அணைத்தவர் உத்திராபதி மாமா, என் அக்கா கனிமொழியின் புருஷன். அப்துல் ஜலீல் பாய் மட்டும் அடிக்கவில்லை. எங்கள் மார்க்கத்தில் அது இல்லை, வாக்குக் கொடுக்கிறேன் என்றார்.

பத்தாம் நாளும் இறால் போய்க்கொண்டுதான் இருந்தது. உங்களில் ஒரு ஆள்தான் ஓட்டுகிறார் என்று கம்பெனி வாட்ச்மேன் சொல்லிவிட்டு, பேரைச் சொல்லாமல் நழுவிவிட்டான். எல்லோரும் ஜலீலைப் பார்த்தோம். பாழாய்ப்போன வாயை நான்தான் திறந்தேன்.

"சூடம் அடிக்காத ஆளுக்கு என்னா பயம்?"

இனி எங்களோடு முறை கிடையாது என்று அவரைத் தள்ளிவைத்தோம். வண்டியை எடுத்துக்கொண்டு கடலூரில் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அதையும் நான் திமிர் என்றேன்.

நான்கு நாள் கழித்து, மத்தியானம், கம்பெனிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கேட்டிலிருந்து ஒரு புது லாரி வந்தது. ஓட்டி வந்தவர் மாமா.

குறுக்கே போய் நின்றேன். அவர் நிதானமாகக் கண்ணாடியை இறக்கினார்.

"மச்சான், நான் சத்தியம் பண்ணது என் வண்டிக்கு. அது ஷெட்லதான் நிக்கிது, போய்ப் பாரு. இது உங்க அக்கா பேர்ல வாங்குனது."

அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரியாது என்று அவள் பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆப்பில் தினமும் ரேட் போடுவதே அவள்தானாம். எனக்குத் தெரிந்தால் நானும் போடுவேன், ரேட் இன்னும் இறங்கும் என்றுதான் சொல்லவில்லையாம். அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்.

நேராகக் கடலூருக்கு, ஜலீல் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற அவர் லாரியை இரண்டு பேர் விலை பேச வந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள்தான் தள்ளிவைத்துவிட்டோமே, வண்டியை விற்பதற்கு ஆப்பிலாவது ஓட்டியிருக்கலாமே பாய் என்று கேட்டேன்.

"நீங்க தள்ளிட்டீங்கன்னா நான் குடுத்த வாக்கு இல்லன்னு ஆயிடுமா தம்பி?" என்றார். "இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல."

வந்தவர்களில் ஒருவர் விலையைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜலீல் என்னை விட்டுவிட்டு அவர்களிடம் போனார்.