மச்சான் கேட்ட மைதானம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வேதப் புத்தகத்தின்மேல் வலது கையை வைத்துச் சொல்கிறேன். இடது கையில் மயக்கம் தரும் யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணம் இருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம், தொண்டைக்காகக் குடிக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் ஊர் ரக்பி சங்கம் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. ஒரு ஆட்டத்துக்கு எதிரணி மழையில் மாட்டிக்கொண்டு வரவேயில்லை. அதிலும் தோற்றோம். ஆள்பலம் இல்லாமல் இல்லை. எங்கள் எரேமாசி பெருமூச்சு விட்டால் மூலைக்கொடி படுத்துவிடும்.

ஊர்த்தலைவர் ராத்து ஒசேயாவுக்குப் பொறுமை போய்விட்டது. கேப்டன் நைபுகாவைக் கூப்பிட்டார்.

"டேய், சனிக்கிழமை கடைசி ஆட்டம். அதுலயாவது ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை மைதானத்துல மரவள்ளி நட்டுருவேன். வயித்துக்காவது ஆகும்."

மைதானம் ஊர் நிலம்தான். ஆனால் புதராகக் கிடந்ததைக் கல் பொறுக்கி, வேர் பிடுங்கி, புல் வளர்த்தவன் நைபுகா. கல்யாணத்தன்றுகூடப் புல் வெட்டிவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தான். பெண் வீட்டார் இன்னும் மறக்கவில்லை.

கடைசி ஆட்டம் அக்கரை ஊரோடு. அங்கேதான் வினை. அக்கரைக்காரர்கள் எங்கள் ஊருக்கே மச்சான் முறை. மச்சான் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது. கொடுத்ததை நாமும் திருப்பிக் கேட்கலாம். ஆனால் நடுவில் ஒரு ஞாயிறு கழிய வேண்டும். என் சட்டைகளில் பாதி அக்கரைக் கோயிலில்தான் ஆராதனை கேட்கின்றன.

ஆட்டம் தொடங்கியதும் எரேமாசி பந்தை இடுக்கிக்கொண்டு, ஆறு பேரை முதுகில் சுமந்தபடி ஓடினான். கோட்டுக்கு நாலடி இருந்தது. அக்கரைக் கேப்டன் விலிகேசா கையைக்கூட நீட்டாமல் பக்கத்திலேயே ஓடிவந்தான்.

"மச்சான், பந்து அழகா இருக்கே. எனக்குக் குடேன்."

எரேமாசி கொடுத்துவிட்டான்.

நடுவர் நியூசிலாந்துக்காரர். ஆட்டத்தை நிறுத்தி, விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிடுங்குவதற்கு விதி இருந்தது, கேட்பதற்கு இல்லை. அதன்பிறகு அக்கரைக்காரர்கள் ஓடவே இல்லை. கேட்டார்கள், வாங்கினார்கள், நடந்துபோய்க் கோட்டுக்குப் பின்னால் வைத்துப் புள்ளி எடுத்தார்கள்.

இடைவேளையில் எரேமாசி ஆரஞ்சைத் தோலோடு தின்றபடி கேட்டான்.

"அண்ணே, ஒரு தடவ இல்லன்னு சொல்லிட்டா என்ன?"

நைபுகா குனிந்து ஒரு களையைப் பிடுங்கினான்.

"சொல்லலாம்டா. ஜெயிச்சுருவோம். மைதானமும் இருக்கும். அப்புறம் அதுல யாரோட ஆடுறது?"

தோற்றோம். புள்ளியெழுதப் பலகை போதாமல் கோயில் கதவில் எழுதினார்கள்.

சாயங்காலம் இரண்டு ஊரும் யங்கோனாவைச் சுற்றி உட்கார்ந்தன. ராத்து ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியோடு வந்தார்.

"என்ன மச்சான், வேலி போடப் போறீங்களா?" என்றான் விலிகேசா.

"மைதானத்துல நடப் போறேன். இவனுங்களுக்கு அது எதுக்கு?"

விலிகேசா நைபுகாவைப் பார்த்தான். நைபுகா ஒன்றும் கேட்கவில்லை. விலிகேசா கிண்ணத்தைக் காலி செய்து, வழக்கப்படி மூன்று முறை கை தட்டி, வாயைத் துடைத்தான்.

"மச்சான், அந்த மைதானத்த எனக்குக் குடுங்க."

ராத்துவின் கையிலிருந்து குச்சிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முகம் மட்டும் சுளிக்கவில்லை.

"எடுத்துக்க மச்சான். படகுல ஏத்திட்டுப் போயிரு."

"இங்கயே கெடக்கட்டும். எங்க ஊர்ல வைக்க எடமில்ல."

ஞாயிறு கழிந்தது. திங்கள் காலை நைபுகா ஆற்றைக் கடந்தான். விலிகேசா வாசலிலேயே நின்றிருந்தான்.

"மச்சான், அந்த மைதானம்..."

"அதுவா? எடுத்துட்டுப் போ. வாங்கின நாள்லேர்ந்து ஒரே புல்லு. வெட்டி மாளல."

ஆக, அது இப்போது ஊர் நிலமல்ல, நைபுகாவின் நிலம். ராத்துவும் கேட்டு வாங்க முடியாது. அவர் நைபுகாவுக்கு மச்சான் இல்லை, பெரியப்பா.

சந்தேகப்படுகிறவர்கள் நேரிலேயே வந்து பார்க்கலாம். கோயிலுக்குப் பின்னால் அந்த இடம் அப்படியே இருக்கிறது; புல்லை மட்டும் தேட வேண்டாம், என் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே மரவள்ளிதான் விளைகிறது.